தலைகுனியாத விருந்தாளிக்காக ஒரு கடிதம்

செய்தி வந்தபோது லண்டன் ஸ்ட்ரெதமில் உள்ள என் கடையில் ஒரு குடும்பத்துக்குக் கொழும்பு டிக்கெட் பதிந்துகொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். தொலைபேசியில் சுகந்தி, இராசமலர் அக்காவின் தம்பி மகள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. என்னோடு எப்போதும் ஆங்கிலத்தில்தான் கதைப்பாள். அன்று தமிழில் சொன்னாள்.

"அங்கிள், மாமி காலமை போயிட்டா."

எதிரே இருந்த குடும்பத்தின் தகப்பன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பின்னேரம் வருவதாகச் சொல்லி மனைவி பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு போனார்.

இராசமலர் அக்காவை உங்களில் பலர் நோர்பரியில் பார்த்திருப்பீர்கள். பருத்திச் சேலைக்கு மேல் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டு, பஸ் தரிப்பிடத்தில் எல்லோருக்கும் பின்னால் நிற்கும் மெலிந்த அம்மா. கோயிலில் அன்னதானம் நடந்தால் கடைசியாகச் சாப்பிடுவார். நல்ல மனுசி, அதிகம் கதைக்கமாட்டா என்றுதான் செத்தவீட்டிலும் எல்லோரும் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் அவர் என்ன வேலை செய்தார் என்பது அங்கே வந்திருந்தவர்களில் பாதிப்பேருக்குத் தெரியவில்லை. ஏதோ கந்தோரில் டைப் செய்தவர் என்று ஒருவர் என்னிடமே சொன்னார். ஒன்பது வருடம் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், நான் லண்டன் வந்து இரண்டு வருடம் கழிந்த சமயம், ஆக்ஸ்போர்ட் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த சிறிய பயண முகவர் நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. வெள்ளைக்காரர்களை ஜப்பானுக்கு அனுப்புவதுதான் அவர்களுடைய தொழில். அந்த நேரம் இங்கிலாந்தின் கம்பெனிகள் எல்லாம் ஜப்பானை நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. கார் செய்பவர்கள், வங்கிக்காரர், கோயில்களையும் தோட்டங்களையும் பார்க்கப் போகும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் என்று எங்களுக்கு ஆட்கள் குறையவில்லை. நான் விசாவும் டிக்கெட்டும் பார்த்தேன்.

முதல் நாள் உள்ளே போனபோது, பொட்டில்லாத நெற்றியும் வாரி முடிந்த கொண்டையுமாக ஒரு யாழ்ப்பாணத்து அம்மா தொலைபேசியில் ஜப்பானிய மொழியில் கதைத்துக்கொண்டிருந்தார். கதைத்தபடியே சுவரைப் பார்த்து இடுப்பு வளைய மூன்று தரம் குனிந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பி, நான் தமிழன் என்று முகத்திலேயே கண்டுகொண்டு, கோபமில்லாமல் சொன்னார்.

"குனியாட்டில் அது குரலில தெரியும் தம்பி."

சிரித்தது அதோடு நின்றுபோனது.

அவருடைய உண்மையான வேலை புதன்கிழமை மாலைகளில் நடந்தது. ஜப்பானுக்குப் போகும் ஒவ்வொரு குழுவும் புறப்படுவதற்கு முன் ஒரு புதன்கிழமை எங்கள் பின்அறைக்கு வந்து இரண்டு மணி நேரம் அவருக்கு முன்னால் இருக்கவேண்டும். அங்கே பொது இடத்தில் எப்படி நடப்பது, எதைச் செய்தால் மற்றவர் மனம் சுருங்கும் என்பதை அவர் சொல்லிக்கொடுப்பார். ஜப்பானிய வீடுகளில் விரிக்கும் தடித்த வைக்கோல் பாய்க்கு எங்கள் முதலாளி பணம் தரவில்லை. அக்கா நோர்பரிக் கடையில் இரண்டு பன்பாய் வாங்கி வந்து விரித்துவிட்டார். பெரிய கம்பெனிகளின் பணிப்பாளர்கள் சப்பாத்தைக் கழற்றி, ஓட்டை விழுந்த காலுறையை மறைத்துக்கொண்டு, எங்கள் ஊர்ப் பாயில் காலை மடிக்கத் தெரியாமல் தடுமாறுவதைக் கதவு இடுக்கால் பார்த்திருக்கிறேன்.

கழற்றிய சப்பாத்தின் மூக்கு வாசலைப் பார்த்திருக்கவேண்டும். கழிவறைக்கு வேறு செருப்பு. அதோடு சாப்பாட்டு அறைக்குள் வரக்கூடாது. சோற்றில் சாப்பாட்டுக் குச்சியைக் குத்தி நிறுத்தக்கூடாது. அது செத்தவருக்குப் படைக்கும் முறை. குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை வாங்கக்கூடாது. சுட்ட உடலின் எலும்பை அங்கே அப்படித்தான் எடுப்பார்கள். தனக்குத் தானே ஊற்றிக் குடிக்கக்கூடாது. பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றினால் அவர் உனக்கு ஊற்றுவார். ரயிலில் சத்தம் போடக்கூடாது. ஆட்களுக்கு முன்னால் மூக்குச் சிந்தக்கூடாது. டாக்சிக் கதவு தானாகத் திறக்கும், அதோடு மல்லுக்கட்டக்கூடாது. எந்த விதிக்கும் காரணம் சொல்லாமல் விடமாட்டார். விதியை மட்டும் சொன்னால் ஆட்கள் பயந்துபோவார்கள், காரணத்தையும் சொன்னால் வெட்கப்பட்டுத் திருந்துவார்கள் என்பது அவர் கணக்கு.

எனக்கு இதில் பாதி தெரியும் என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றுவதும் இரண்டு கையால் கொடுப்பதும் எங்கள் வீட்டிலும் உள்ளதுதானே என்றேன். அவர் கடிதம் மடித்துக்கொண்டிருந்தார். "தெரியும் எண்டு நினைக்கிறவைதான் பிழை விடுகினம்" என்று மட்டும் சொன்னார்.

அது அடுத்த வாரமே நடந்தது. ஒசாகாவிலிருந்து ஒரு ஹோட்டல் அதிகாரி எங்களைப் பார்க்க வந்தார். தன் விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்டினார். நானும் இரண்டு கையாலும்தான் வாங்கினேன். வாங்கி, காற்சட்டையின் பின்பையில் செருகிக்கொண்டு கதிரையில் அமர்ந்தேன். அந்த மனிதரின் முகத்தில் எதுவும் மாறவில்லை. அக்கா உடனே எழுந்து, என் பக்கத்தில் வந்து, ஏதோ அலுவல் சொல்வதுபோல் காதருகே குனிந்தார்.

"தம்பி, நீர் இப்ப அந்த மனிசனுக்கு மேல குந்தியிருக்கிறீர்."

மெல்ல எழுந்து கார்டை எடுத்து மேசையில் வைத்தேன். ஒசாகாக்காரர் அப்போதுதான் தன் தேநீரைத் தொட்டார். அவர் போன பிறகு அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. முதலாளியிடமும் சொல்லவில்லை. பிழை விட்டவனுக்கு அது போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு புதன்கிழமையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வட இங்கிலாந்திலிருந்து எட்டு எஞ்சினியர்கள், எல்லோரும் மலைபோல் ஆட்கள், ஒரு கார்த் தொழிற்சாலையில் மூன்று மாதம் பயிற்சிக்குப் போக இருந்தார்கள். அங்கே தங்கும் விடுதியில் பொதுக் குளியல் தொட்டிதான். அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆணை ஒழுங்குசெய்யட்டுமா என்று முதலாளி கேட்டார். தேவையில்லை என்றுவிட்டார் அக்கா. ஐம்பது வயது தாண்டிய விதவை, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த எட்டுப் பேருக்கும் முன்னால் நின்று, உடுப்பு முழுவதையும் எங்கே கழற்றுவது, தொட்டிக்குள் இறங்கும் முன் சிறு முக்காலியில் இருந்து எப்படிச் சோப்புப் போட்டுக் கழுவுவது, கையில் தரும் சின்னத் துவாயால் எதை மறைப்பது, பிறகு அதை நீரில் நனைக்காமல் தலையில் வைப்பது என்று, சமையல் குறிப்புச் சொல்வதுபோல் சொல்லி முடித்தார். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எட்டுக் கழுத்தும் சிவந்துபோயிருந்தன. மூன்று மாதம் கழித்து அவர்கள் எல்லோரும் கையெழுத்திட்ட தபாலட்டை வந்தது. குளியல்தான் அந்த நாட்டில் மிகச் சிறந்த விடயம் என்று அதில் எழுதியிருந்தது.

இவ்வளவுதான் என்றால் அவர் நல்ல திறமைசாலி என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் மிஸ்டர் பெல்லமியின் கதையைச் சொல்லாமல் இராசமலர் அக்காவைப் பற்றி எழுதவே ஏலாது.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒரு புதன்கிழமை அவர் வந்தார். எழுபது கடந்த, நெடிய, சுத்தமாகச் சவரம் செய்த மனிதர். தன் மகளோடு ஸ்ட்ரெதமில் இருப்பதாகப் படிவத்தில் இருந்தது. போகும் இடம் தெற்கு ஜப்பானில் ஒரு சிறிய சுரங்க ஊர். காரணம் என்ற கட்டத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. மற்ற ஆறேழு பேரோடு அவரும் பாயில் சிரமப்பட்டு அமர்ந்து, எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். குனியும் முறைக்கு வந்தபோது அக்கா எழுந்து நின்றார். முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து குனியவேண்டும், கண் நிலத்தைப் பார்க்கவேண்டும், தெரிந்தவருக்குக் கொஞ்சம், பெரியவருக்கு இன்னும் கீழே என்று செய்து காட்டினார். எல்லோரையும் எழுந்து செய்து பார்க்கச் சொன்னார்.

மிஸ்டர் பெல்லமி எழுந்தார். ஆனால் குனியவில்லை.

"அந்தப் பாடத்தை எனக்கு ஏற்கெனவே கற்றுத்தந்துவிட்டார்கள், அம்மணி. மூங்கில் தடியால்."

மிக மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு வாசலுக்குப் போய்ச் சப்பாத்தைப் போட முயன்றார். நின்றபடி நாடாவைக் கட்ட ஏலவில்லை. அக்கா ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கு அருகில் வைத்துவிட்டு, திரும்பி வந்து தன் இடத்தில் நின்றார். அவர் அமர்ந்து நாடாவைக் கட்டிக்கொண்டு வெளியே போனார். அக்கா மிச்ச வகுப்பை நடத்தி முடித்தார். அன்று குனிவதைப் பற்றி மேலே எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் அக்கா என்னிடம், சனிக்கிழமை காரில் ஸ்ட்ரெதமுக்குக் கூட்டிக்கொண்டு போக ஏலுமா என்று கேட்டார். நாங்கள் போன காரணத்தை மிஸ்டர் பெல்லமி பிழையாக விளங்கிக்கொண்டார். கதவைத் திறந்ததும், தன் நடத்தைக்கு வருந்துவதாகவும் பயணத்தை நிறுத்திவிடுவதாகவும் சொன்னார். அக்கா உள்ளே வரலாமா என்று கேட்டார். மகள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, தகப்பனின் கதிரைக்குப் பின்னால் நின்றாள்.

அவர் யுத்தத்தில் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் பிடிபட்ட சிப்பாய் என்று அப்போதுதான் அறிந்தோம். முதலில் அந்நாளில் சீயம் என்ற தாய்லாந்தில் காட்டுக்குள் ரயில் பாதை போட்டார். உயிரோடு மிஞ்சியவர்களில் கொஞ்சப் பேரைக் கப்பலில் ஏற்றி ஜப்பானில் நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவருடைய சிநேகிதன் ஒருவன் செத்துப்போனான். அந்த ஊர்க்காரர் அவனுக்கு ஒரு கல் நட்டு இத்தனை வருடமும் துடைத்து வைத்திருப்பதாக யாரோ எழுதியிருந்தார்கள். அதைப் பார்க்கத்தான் போக நினைத்தார். காவலாளியைக் கண்டால் குனியவேண்டும், போதாமல் குனிந்தால் அடி, கூடக் குனிந்தால் நக்கல் என்று அடி. மூன்றரை வருடம் அப்படி இருந்ததாகச் சொன்னார்.

அக்கா கைப்பையிலிருந்து சிறு கொப்பி ஒன்றை எடுத்தார்.

"நீங்கள் குனிய வேண்டியதில்லை. அதைச் சொல்ல நான் வரவில்லை. வேறு எதெல்லாம் உங்களால் தாங்க முடியாது? அதைக் கேட்கத்தான் வந்தேன்."

அவர் நெடுநேரம் பேசவில்லை. அக்காவும் பேசவில்லை. தேநீர் ஆறிப்போனது. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. யாரும் தனக்கு முன்னால் குனிவதைப் பார்க்க முடியாது. அதைக் கண்டாலே தன் முதுகு தானாக வளையத் துடிக்கும். வரிசையில் நிறுத்தி எண்ணுவது. விடியற்காலையில் உரத்த குரலில் கூப்பிடுவது. யாராவது மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாது. அதனால் யாரும் கேட்காமல் இருந்தால் நல்லது. அக்கா எல்லாவற்றையும் ஜப்பானிய எழுத்தில் குறித்துக்கொண்டார். மிஸ்டர் பெல்லமி அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"உங்களுக்கு அவர்கள்மேல் இவ்வளவு பிரியம். எனக்காக ஏன் இதைச் செய்கிறீர்கள்?"

"என் அப்பாவும் அந்த ரயில் பாதைக்குப் போனவர்" என்றார் அக்கா. "திரும்பி வரவில்லை."

ஐந்து வருடம் பக்கத்து மேசையில் இருந்த எனக்கு இது தெரியாது. அக்கா மலாயாவில் பிறந்தவர். தகப்பன் ரப்பர் தோட்டத்தில் கிளாக்கர். ஜப்பானியர் தோட்டத்துத் தமிழ்ச் சனத்தை லொறிகளில் ஏற்றிக்கொண்டு போனபோது, ஆட்களைக் கணக்கு வைக்கவென்று அவரையும் ஏற்றினார்கள். மூன்று மாதத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனார். அக்காவுக்கு அப்போது எட்டு வயது. யுத்தம் முடிந்ததும் தாய் பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் திரும்பினார். எந்த முகாம், எப்படி இறந்தார், எங்கே புதைத்தார்கள் என்று எதுவும் இன்றுவரை தெரியாது.

மிஸ்டர் பெல்லமி தகப்பனின் பெயரைக் கேட்டார். அக்கா சொன்னார். அவர் தலையை மெல்ல அசைத்தார். அந்தப் பெயரை அவர் அறியார். ஆனால் தமிழ்ச் சனத்தைத் தெரியும் என்றார். அவர்களுடைய முகாமுக்குக் கீழே, ஆற்றின் போக்கில் தமிழர்களின் கொட்டில்கள் இருந்தன. தங்களுக்காவது கூடவே பிடிபட்ட டாக்டர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு ஒருவரும் இல்லை.

"மாலையில் அவர்கள் பாடுவது எங்களுக்குக் கேட்கும். நிறையப் பேர் சேர்ந்து பாடுவார்கள். வாந்திபேதி வந்த பிறகு குரல்கள் குறைந்துகொண்டே போயின. பிறகு ஒரு மாலை ஒன்றும் கேட்கவில்லை."

அக்கா கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அவர் அழவில்லை. நன்றி என்று சொன்னார். திரும்பி வந்து நோர்பரியில் வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கும் முன் தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்.

"அப்பா நல்லாத் தேவாரம் படிப்பார் எண்டு அம்மா சொல்லுறவ."

நான் கேட்காமல் இருக்கவில்லை. அவர் கலியாணமாகிப் பல வருடம் ஜப்பானில் இருந்தவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். இப்படி இருக்க, அந்த நாட்டில் போய் எப்படி வாழ முடிந்தது என்று கேட்டுவிட்டேன். அவர் காரிலிருந்து இறங்காமல் சொன்னார். கலியாணம் பேசி முடித்த பிறகுதான் மாப்பிள்ளை கோபே நகரத்தில் ஒரு முத்து வியாபாரியின் கந்தோரில் வேலை என்று தெரிந்ததாம். வேண்டாம் என்று சொல்ல அந்தக் காலத்தில் வாய் இருக்கவில்லை. முதல் வருடம் அந்த ஊரில் ஒருவரோடும் கதைக்கவில்லை. கடையில் சாமானை விரலால் காட்டி வாங்கினார். பக்கத்து வீட்டு அம்மா காலையில் தன் வாசலைக் கூட்டும்போது, அக்காவின் வாசலிலும் ஒரு பாகம் கூட்டிவிட்டுப் போவார். ஒருநாள் கணவனை வைத்து, அப்படிக் கூட்ட வேண்டாம் என்றும், தன் தகப்பன் இன்ன விதமாகப் போனவர் என்றும் சொல்லச் சொன்னார். அந்த அம்மா எதுவும் சொல்லாமல் அக்காவைத் தன் வீட்டுக்குள் கூட்டிப்போய், சுவரில் ஒரு படத்தைக் காட்டினார். அவருடைய மகன், இருபது வயதுப் பெடியன். பர்மாவுக்குப் போனவன், திரும்பி வரவில்லை. இரண்டு பேரும் அந்தப் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் இருந்தார்கள். அடுத்த நாளும் அந்த அம்மா வழக்கம்போலக் கூட்டினார். அவரிடம்தான் அக்கா ஜப்பானிய மொழி படித்தார்.

அப்படியென்றால் மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"மன்னிச்சனோ எண்டு எனக்குத் தெரியாது. பாஷையைப் படிச்சன்."

அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதங்கள். மிஸ்டர் பெல்லமி தங்க இருந்த விடுதிக்கும், ஊர்க் கந்தோருக்கும், வழிகாட்டிக்கும் அக்கா தன் கையாலேயே எழுதினார். இரண்டு வாரம் எழுதினார். கிழித்துப் போட்டதைக் கூடையில் பார்த்தேன். உங்களிடம் வருபவர் தலைகுனியமாட்டார், அது அவமரியாதை அல்ல. அவருக்கு முன்னால் நீங்களும் தயவுசெய்து குனிய வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம் என்பதுதான் விடயம். அதை எழுத ஏன் இத்தனை நாள் என்று கேட்டேன். விருந்தாளிக்குத் தலைகுனியாதே என்று அங்கே ஒரு விடுதிக்காரிக்குச் சொல்வது, மூச்சு விடாதே என்று சொல்வதற்குச் சமம் என்றார்.

எங்கள் முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. அந்த விடுதி எங்களோடு நெடுங்காலத் தொடர்பு உள்ளது; அவர்களுக்கே ஒழுக்கம் சொல்லிக்கொடுப்பதா, கோபித்துக்கொண்டு எங்கள் ஆட்களையே எடுக்காமல் விட்டால் என்ன செய்வது என்று சத்தம் போட்டார். அனுப்பக்கூடாது என்று முடிவாகச் சொன்னார். அக்கா அமைதியாகக் கேட்டுவிட்டு, கந்தோர்த் தாளில் எழுதியதைத் தன் வீட்டு முகவரியோடு வெள்ளைத் தாளில் திரும்ப எழுதித் தபாலில் போட்டார். முறைப்பாடு வந்தால் அன்றே வேலையை விட்டுப் போவதாக முதலாளியிடம் சொல்லியும் விட்டார். கணவன் போனபின் தம்பி இருந்த லண்டனுக்கு வந்தவர், அப்போது அவருக்கு வேறு வருமானம் இல்லை. மூன்று வாரம் நாங்கள் எல்லோரும் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விடுதியிலிருந்து வந்த பதிலில் ஒரே வரி. அக்கா அதை எனக்கு வாசித்துச் சொன்னார்: விளங்கிக்கொண்டோம், காத்திருக்கிறோம்.

மிஸ்டர் பெல்லமி போனார். பயணம் முடிந்து இரண்டு கிழமை கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு மதியம் கந்தோருக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அக்காவின் மேசைக்கு முன்னால் அமர்ந்தார்.

"நான் குனியவில்லை" என்றார் முதலில்.

"நல்லது" என்றார் அக்கா.

பிறகு சொல்லத் தொடங்கினார். ரயில் நிலையத்தில் வழிகாட்டி நேராக நின்று கைகுலுக்கினார். விடுதி வாசலில் ஆறு பேர் நின்றார்கள். வரிசையாக இல்லை, ஒவ்வொருவர் ஒவ்வொரு இடத்தில், தற்செயலாக நிற்பதுபோல் நின்றார்கள். அவர் காரிலிருந்து இறங்கியபோது ஒருவரும் குனியவில்லை. நடுவில் நின்ற விடுதிக்காரி அவரை விட வயது கூடியவர், சின்ன உருவம். அவருடைய இரண்டு கைகளும் கிமோனோவின் பக்கங்களை இறுக்கிப் பிடித்திருந்தன. விரல் மூட்டுகள் வெளுத்துப்போயிருந்தன. குனியாமல் இருக்க அந்தக் கிழவி எவ்வளவு பாடுபட்டார் என்று அந்தக் கைகளைப் பார்த்துத்தான் தனக்குத் தெரிந்தது என்றார். நான்கு நாளும் அப்படியே. காலையில் யாரும் கூப்பிடவில்லை. கதவுக்கு வெளியே தேநீர்த் தட்டை வைக்கும் மெல்லிய சத்தம் மட்டும் கேட்கும். கல்லிடம் போனபோது யாரோ புதுப் பூ வைத்திருந்தார்கள்; வைத்தவர்கள் அங்கே இல்லை. அவரைத் தனியே விட்டுவிட்டார்கள்.

புறப்படும் காலையிலும் எல்லோரும் வாசலில் நேராக நின்றார்கள். கார் தெருமுனையில் திரும்பியது. அந்தப் பாதை மலையைச் சுற்றி மேலே ஏறுவது. ஒரு வளைவு கடந்ததும் விடுதி வாசல் மறுபடி கீழே தெரிந்தது. அவர் தற்செயலாகக் கண்ணாடி வழியே பார்த்தார். அங்கே மற்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள். அந்தக் கிழவி மட்டும் வெறும் தெருவைப் பார்த்து, நெற்றி முழங்காலைத் தொடும் அளவுக்குக் குனிந்து நின்றார். கார் அடுத்த வளைவில் மறையும்வரை நிமிரவில்லை.

"அவர் நீங்கள் பார்ப்பீர்கள் என்று நினைத்திருக்கமாட்டார்" என்றார் அக்கா.

"அது எனக்குத் தெரியும்" என்றார் மிஸ்டர் பெல்லமி. "அதனால்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். என் முதுகு துடிக்கவில்லை."

அவர் எழுந்து கைகொடுத்தார். அக்கா குனியாமல், நிமிர்ந்து நின்று அந்தக் கையைப் பிடித்தார். அவர் போன பிறகு அக்கா பின்அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முதலாளி தன் கண்ணாடி அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அன்று மாலை போகும்போது அக்காவின் மேசையருகே நின்று, அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்று கந்தோர்க் கோப்பிலும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பெரிய மனிதர்கள் பலரைத் தூரத்தில் பார்த்திருக்கிறேன். மேடைகளில் பேசியதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் தன் தகப்பனைக் கொன்றவர்களின் மொழியில், அவர்களால் அடிபட்ட ஒரு வெள்ளைக்காரனுக்காக, அவர்களுடைய மனமும் நோகாமல் ஒரு கடிதம் எழுதியவரை மூன்றடி தூரத்தில் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பஸ் பாஸைத் தேடிக் கைப்பையைக் கிளறும், மத்தியானம் புளிச்சாதம் கொண்டுவரும், குளிருக்கு மூக்கு சிவக்கும் ஒருவர் அதைச் செய்தார் என்பதை இன்றும் என்னால் முழுதாக நம்ப ஏலாமல் இருக்கிறது.

தகனத்துக்கு மிஸ்டர் பெல்லமியின் மகள் வந்திருந்தாள். கடைசி வரிசையில் இருந்தாள். தகப்பன் போன வருடம் தவறிவிட்டாராம். எங்கள் சனம் அவளை யாரென்று தெரியாமல் பார்த்தது. நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

ஜப்பான் பயணங்கள் குறைந்து அந்தக் கந்தோர் மூடப்பட்டபின் நான் ஸ்ட்ரெதமில் சொந்தமாகத் தொடங்கினேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் ஆட்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, தாயின் செத்தவீட்டுக்கோ தங்கையின் கலியாணத்துக்கோ முதல்தரம் திரும்பிப் போகிறவர்கள். படிவம் பெயரையும் பாஸ்போர்ட்டையும் திகதியையும் கேட்கும். நான் இன்னொன்றும் கேட்பேன். அங்கே போனால் எது உங்களால் ஏலாமல் இருக்கும்? அதிகம் பேர் சிரிப்பார்கள். மாமியாரின் வாய் என்பார்கள். சிலர் சிரிப்பதில்லை.

போன கிழமை ஹவுன்ஸ்லோவிலிருந்து ஒருவர் வந்தார். விமான நிலையத்தில் வேலை. கேட்டதும் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, ஆமிச் சோதனைச்சாவடியில் பஸ்ஸால் இறக்கிக் கையைத் தூக்கிக்கொண்டு நடக்கவிடுவது என்றார். அந்தச் சாவடிக்கு எழுத என்னிடம் கடிதம் ஏதும் இல்லை. அதை வாசிக்கக்கூடியவர் அங்கே இருப்பார் என்றும் நான் நம்பவில்லை. அதை அவருக்கு மறைக்காமல் சொன்னேன். தனக்கும் தெரியும் என்றார். ஆனாலும் எழுந்து போகவில்லை. தனக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நடந்த தம்பியைப் பற்றி ஒரு மணி நேரம் இருந்து சொன்னார். இரண்டு தரம் தொலைபேசி அடித்தது, நான் எடுக்கவில்லை. இதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை என்று சொல்லிவிட்டு, டிக்கெட்டைப் பதியச் சொன்னார்.

இராசமலர் அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கேள்விதான். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதையும் அவரைப் பார்த்துத்தான் பழகினேன்.